கண்ணாடி கழுவும் தொட்டி

"எஞ்சினுக்குள்ள தண்ணியா? அப்படியே கொஞ்சம் ஷாம்பூவும் போட்டுக் குளிப்பாட்டி விட்டுடு," என்றான் பக்கத்து டயர் கடைக்காரன். எல்லோரும் அவனை டியூப் என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் காற்று இறங்கவே இறங்காது.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பானெட்டுக்குள் தலையை விட்டு, காற்றுக் குழாயில் பொருத்தியிருந்த தெளிப்பானை இன்னொரு முறை இறுக்கிப் பார்த்தாள்.

டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். அமுக்கினால் காற்று சூடாகும். சூடு மீறினால், பெட்ரோல் தன் முறை வருவதற்குள் தானே பற்றிக்கொண்டு பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதுபோல் அடிக்கும். நாக்கிங் என்பார்கள். அதை அடக்கத்தான் இந்தக் கலவை: பாதி தண்ணீர், பாதி மெத்தனால். பனிபோலத் தெளித்தால் காற்று குளிரும், வண்டி இன்னும் இழுக்கும். அண்ணனிடம் வாய் வலிக்கச் சொல்லியாயிற்று.

"எஞ்சினுக்குத் தண்ணி எதிரி. அவ்வளவுதான்," என்று முடித்துவிட்டான் அவன்.

பட்டறை இருவருக்கும் சேர்ந்தது. பேச்சு முற்றிய அன்று அவளே சவால் விட்டாள். நின்ற இடத்திலேயே சக்கரம் சுழலும் டைனோ உருளைகளின் மேல் தன் காரை ஏற்றி, முழு வேகத்தில் ஓட்டிக் காட்டுவாள். நாக்கிங் வந்தால் இனி எஞ்சினைத் தொடமாட்டாள்; முன்னறையில் உட்கார்ந்து ஃபோன் எடுப்பாள். அந்த அறையை அவளுக்குத் தெரியும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மற்றவர்களின் கைகள் கறுப்பாவதைப் பார்த்தபடி, சுத்தமான கைகளோடு வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தவள் அவள்.

தனித் தொட்டி வைக்க இடமில்லாததால், முன்கண்ணாடி கழுவும் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து அதிலேயே கலவையை ஊற்றியிருந்தாள். அண்ணனிடம் சொல்லவில்லை. காது கொடுக்காதவனுக்கு எதற்கு விளக்கம்?

ஏறி உட்கார்ந்தாள். அண்ணன் சோப்புத் தண்ணீர்க் கேனைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றான்.

ஆக்சிலரேட்டரை மிதித்தாள். டர்போ விசிலடித்தது. உருளைகள் உறுமின. இழுத்தது, இன்னும் இழுத்தது. உச்சத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்தச் சத்தம். டக். டக்டக்டக். சட்டென்று காலை எடுத்தாள்.

"கேட்டியா?" என்றான் அண்ணன். "சாவியைக் குடு."

அவள் அசையவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியிலிருந்து பார்த்தால் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்திருக்கும். அவளோ அந்த ஓட்டத்தை மனதுக்குள் மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாள். சூடு ஏறிய பிறகும் கொஞ்ச நேரம் எஞ்சின் தாங்கியிருக்கிறது. அப்படியென்றால் தெளிப்பு வந்திருக்கிறது, பாதியில் நின்றிருக்கிறது. தொட்டி காலியா? வைப்பரும் அதே தொட்டியில்தான் குடிக்கிறது. வைப்பர் பிடியை இழுத்தாள்.

முன்கண்ணாடி முழுக்க வெள்ளை வெளேரென்று நுரை பரவியது.

இறங்கி, விரலால் தொட்டு முகர்ந்தாள். எலுமிச்சை வாசனை.

"அண்ணா, இதுல சோப்பு ஊத்தினியா?"

"ஊத்தாம? குறைஞ்சிருந்துச்சு. எல்லா வண்டிக்கும் ஊத்தறதுதானே?"

ஆமாம், ஊற்றுவதுதான். அழுக்குக் கண்ணாடியோடு ஒரு வண்டியும் பட்டறையை விட்டுப் போகக் கூடாது என்பது அவன் வைராக்கியம். யார் வண்டியானாலும் மூடியைத் திறப்பான், கேனைச் சாய்ப்பான். மனசு வேறெங்கோ இருந்தாலும் கை அதைச் செய்துவிடும். பம்ப் கலவைக்குப் பதிலாக நுரையை உறிஞ்சியிருக்கிறது.

"அட, ஷாம்பூன்னு நான் சும்மாதானேப்பா சொன்னேன்!" என்றான் டியூப்.

அண்ணன் சிரிக்கவில்லை. "தொட்டியை மாத்தினது நீ. சொல்லாம இருந்ததும் நீ. எஞ்சின் தட்டுச்சு, எல்லாரும் கேட்டோம். சவால்னா சவால்தான்."

"சொல்லாதது என் தப்பு. அதுக்குத் திட்டு, வாங்கிக்கறேன். சாவி தரமாட்டேன்."

"மறுபடி ஓட்டினா எஞ்சின் போயிடும்!"

"போனா என் எஞ்சின்தானே போகும்? நானே பிரிப்பேன், நானே கட்டுவேன்."

"நான் விடலைன்னா?"

"உன்னை யாரு கேட்டா?"

தொட்டியைக் கழற்றிக் கவிழ்த்தாள். நுரை நிற்கும்வரை குழாயையும் பம்பையும் அலசினாள். தெளிப்பானை ஊதிச் சுத்தம் செய்து, கையுறை மாட்டிக்கொண்டு புதுக் கலவை ஊற்றினாள். யாரும் உதவிக்கு வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. ஆனால் அண்ணன் இடத்தை விட்டு நகரவுமில்லை.

இரண்டாம் ஓட்டத்தில் முன்பு தட்டிய அதே இடம் வந்தது. கால் தானாக எழப் பார்த்தது. எழ விடாமல் அழுத்தினாள். எஞ்சின் ஒரே குரலில், தட்டாமல் திக்காமல் ஏறி, உச்சத்தைத் தொட்டு, அதற்கு மேலும் போனது. போதும் என்று அவளுக்குத் தோன்றிய பிறகும் கொஞ்ச நேரம் மிதித்துக்கொண்டேயிருந்தாள், அண்ணனுக்காக.

உருளைகள் நின்றன. டியூப்புக்கு முதன்முறையாகக் காற்று இறங்கியிருந்தது.

அண்ணன் காருக்கு அருகில் வந்து, முன்கண்ணாடியில் கோடு கோடாகக் காய்ந்திருந்த சோப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கை கேனை எடுத்தது. இன்னொரு கை தொட்டியின் மூடியைத் தேடிப் போனது.

அவள் தன் கறுத்த உள்ளங்கையை அந்த மூடியின் மேல் வைத்தாள்.

"இந்த வண்டி அழுக்குக் கண்ணாடியோடதான் வெளியே போகும்," என்றாள்.