டுவேனின் மருந்து ஜாடிகள்

லோர்னா ஜாடிகளின் மேல் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தாள். இப்போது அந்தக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்தது கஞ்சா.

சரக்கறை விளக்கைப் போட்டு மறுபடியும் பார்த்தாள். மூன்று ஜாடிகளும் அப்படித்தான் இருந்தன. போன வாரம் உலர்ந்த மொட்டுகளைக் கிளையிலிருந்து கத்தரித்துக் கொடுத்தவன் அவள் கணவன் டுவேன். கழுத்து வரை நிரப்பிக் கோடு இழுத்தவள் அவள். அவளுடைய அம்மா, அப்பாவின் விஸ்கி பாட்டிலில் அப்படித்தான் கோடு போடுவாள். டுவேன் இன்னும் போன வருஷத்து மிச்சத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான். புதிய ஜாடிகளிலிருந்து அவன் இன்னும் எதுவும் எடுக்கவில்லை.

அப்படியானால் வீட்டில் பாக்கி இருப்பது பதினாறு வயது மகள் பிரென்னா மட்டும்தான்.

டுவேன் மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தவன். நரம்பு நோய் வந்த பிறகு அவன் கால்கள் அவன் சொல்பேச்சுக் கேட்பதில்லை. சாயங்காலமானால் தொடையும் கெண்டைக்காலும் ஈரக் கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். மாத்திரைகள் அவனைத் தூங்க வைத்தன, கால்களைத் தூங்க வைக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஓரிகன் மாநிலத்து ஜனங்கள் ஓட்டுப் போட்டு, நோயாளிக்குக் கஞ்சா குற்றமில்லை என்று சட்டம் கொண்டுவந்தார்கள். டாக்டர் கையெழுத்துப் போட்டார், மாநிலத்திலிருந்து அனுமதி அட்டை வந்தது. தக்காளிப் பாத்திக்குப் பின்னால், வேலிக்குள் மூன்று செடிகள் எழுந்தன. அன்றைக்குப் பிறகு இரவுகளில் அந்த வீட்டில் யாரும் பல்லைக் கடித்துக்கொண்டு விழித்திருக்கவில்லை.

சட்டத்துக்கு ஓட்டுப் போட்டவள்தான் லோர்னா. ஆனாலும் பயம் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தபோது, ஒரு டீச்சர் எழுந்து சொன்னார்: "சட்டம் வர்றதுக்கு முன்னாடியும் பசங்ககிட்ட கேட்டோம், வந்தப்புறமும் கேட்டோம். பேர் போடாமத்தான் எழுதித் தந்தாங்க. நம்ம ஸ்கூல்ல கஞ்சா பிடிக்கிற பசங்க ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல."

லோர்னா நம்பவில்லை. பதினாறு வயதில், அந்த மாதிரிக் காகிதம் ஒவ்வொன்றிலும் 'ஒருபோதும் இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தவள் அவள்.

அந்தக் காலத்தில் எந்த டாக்டரும் எதற்கும் கையெழுத்துப் போடவில்லை. ஊருக்கு வெளியே சரளைக்கல் தோண்டிய பள்ளம் ஒன்று இருந்தது. டுவேனும் அவளும் சிநேகிதர்களும் டுவேனுடைய அண்ணனின் பழைய பிக்கப் வண்டியில் அங்கே போவார்கள். ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்த கஞ்சாவை இருக்கைக்கு அடியிலிருந்து டுவேன் எடுப்பான். வண்டி ஒரு மலையைத் தாண்டியதும் ரேடியோ கரகரக்கும், அடுத்த மலையில் மறுபடியும் பாடும். தூரத்தில் ஷெரீப்பின் போலீஸ் வண்டி வெளிச்சம் தெரிந்தால் எல்லாரும் தரையோடு தரையாகப் படுப்பார்கள். சிரிப்பை அடக்க அவன் அவளுடைய வாயைப் பொத்துவான். அந்தக் கையில் புகையும் மரப்பிசினும் சேர்ந்து மணக்கும். வீட்டுக்குப் போகும் வழியில் வாயில் புகை நாற்றம் போக, இருவரும் பைன் மரத்தின் ஊசி இலைகளை மென்று துப்புவார்கள். முதல் முத்தமும் அந்தக் கசப்போடுதான் நடந்தது. அந்த வருஷம் அவளைப் பயமுறுத்தியது எதுவோ, அதுதான் அவளுக்குப் பிடித்ததும். எது எதுவென்று இன்றைக்கும் அவளால் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த ருசி தெரிந்தவளால் மகளை எப்படி நம்ப முடியும்?

வாலிபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிரென்னா சமையலறைக்குள் வந்தாள். லோர்னா அவள் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"என்னம்மா பண்ற? நாய்க்குட்டி மாதிரி மோந்து பாக்குற?"

விரல்களில் இருந்தது அந்த மணம். ஒட்டிக்கொள்ளும் மணம். சோப்பு போட்டாலும் போகாதது.

"எத்தனை நாளா நடக்குதுடி இது?"

"எது?"

"நடிக்காத. ஜாடியில ரெண்டு விரற்கடை காணோம். கை நாறுது. நானும் உன் வயசுல இருந்தவதான்."

பிரென்னாவின் முகம் சிவந்தது. அவள் திரும்பி ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். அவன் தலையை லேசாக ஆட்டினான். வேண்டாம் என்பது போல.

அது லோர்னாவின் கண்ணில் பட்டுவிட்டது. "ஓ, உனக்கும் தெரியுமா டுவேன்? நல்லா இருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள இது மொத்தமும் இந்த வீட்ட விட்டுப் போகணும். செடி, ஜாடி, எல்லாம்."

"போனா என் கால் என்னாகும்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன். காலுக்காகப் பொண்ணக் காவு குடுக்க என்னால முடியாது."

"சரி, போகட்டும்," என்றான் டுவேன். அதைக் கேட்டதும் பிரென்னா பையைத் தரையில் போட்டாள்.

"போதும்ப்பா! நான் சொல்லிடறேன்."

"பிரென், வேணாம்."

"அம்மா, அந்த மூடிய தினமும் யாரு திறக்கிறாங்கன்னு நெனச்ச? புது மொட்ட அப்படியே அடைச்சு வெச்சா பூஞ்சை பிடிச்சிரும். தினமும் திறந்து கொஞ்ச நேரம் காத்தாட விடணும். கிளறி விடணும். அப்படியே காஞ்சு அமுங்கிக் கீழ எறங்கும். யாரும் திங்கல, யாரும் பிடிக்கல!"

"அத உங்கப்பாதான செய்வார் வருஷா வருஷம்?"

பிரென்னாவின் பார்வை அப்பாவின் மடிக்குப் போனது. லோர்னா கணவனின் கைகளைப் பார்த்தாள். மடியில் ஒன்றின் மேல் ஒன்றாக, யாரோ அங்கே வைத்துவிட்டுப் போனது போலக் கிடந்தன.

"கோடை முடியறப்பவே கையில ஆரம்பிச்சிருச்சு," என்றான் டுவேன். "கத்திரிக்கோல் பிடிக்கறேன், எப்படியோ. மூடி மட்டும் திருக வரல. கால் போனதுக்கே நீ ஒரு வருஷம் அழுத. கையும்னு எப்படிச் சொல்றது? இவகிட்ட வாயத் தொறக்காதன்னு கெஞ்சினேன்."

லோர்னா அவன் முன்னால் தரையில் உட்கார்ந்து, அந்தக் கைகளை எடுத்து விரல்களை மூடிப் பார்த்தாள். அவை பாதியில் நின்றன. ஒரு காலத்தில் அவள் வாயைப் பொத்திய கை.

"முட்டாள்," என்றாள். "முழு முட்டாள் நீ."

"முட்டாள்னு தெரிஞ்சுதான கட்டிக்கிட்ட."

பிரென்னா குளிர்பெட்டியைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினாள். லோர்னா அவள் பக்கம் திரும்பினாள்.

"மன்னிச்சிரு கண்ணு. என்னைய வெச்சு உன்ன அளந்துட்டேன்."

"எனக்கு அது வேணும்னு எப்படிம்மா தோணுச்சு உனக்கு?" அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. "ஸ்கூல்ல பிடிக்கிறவனுங்க இருக்கானுங்க. முன்னாடியும் இருந்தானுங்க. எங்க வீட்டுல இருக்குன்னு தெரிஞ்சு ஒருத்தன் வந்து கேட்டான். 'அது எங்கப்பா கால் மருந்துடா, நான் உங்க தாத்தாவோட மூலக் களிம்பக் கேட்டேனா'ன்னேன். அதோட ஓடிட்டான்."

டுவேன் சிரிக்க ஆரம்பித்தான். லோர்னாவும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு சின்ன வருத்தம், யாரிடமும் சொல்ல முடியாத வருத்தம் அவளைத் தொட்டது. தன் இளமை முழுவதும் பூத்துக் கிடந்த அந்தப் பள்ளம், தன் மகளுக்குக் களிம்பு வாசனை. நல்லதுதான். நல்லதேதான்.

"நாளையிலேருந்து நீயே திற," என்றாள் பிரென்னா. "எனக்கு மேட்ச் இருக்கு."

மறுநாள் மத்தியானம் லோர்னா சரக்கறைக்குள் போய் முதல் ஜாடியின் மூடியைத் திருகினாள். மணம் குபீரென்று மேலே வந்தது. பிசின், பச்சை, ஈர மண். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எங்கோ அந்தப் பழைய பிக்கப்பின் ரேடியோ மலையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"லோர்னா!" சமையலறையிலிருந்து டுவேன் கூப்பிட்டான். "காத்தாட விட்டது போதும், மூடு! இன்னும் ரெண்டு ஜாடி இருக்கு!"

"வரேன்," என்றாள். உடனே மூடவில்லை.