யென் அக்கா கடையின் கண்ணாடிப் பேழை

பத்து ஆண்டுகளுக்கு முன், விளையாட்டுத் துப்பாக்கிக் கடை நடத்தும் யென் அக்கா தம் கடையின் பெயரில் முப்பது எஃகு மாதிரித் துப்பாக்கிகளைச் செய்வித்து விற்றபோது, ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டையும் தந்தார். பத்தாம் ஆண்டு ஜூன் மாதக் கடைசி ஞாயிறன்று எல்லோரும் அவரவர் துப்பாக்கியைக் கொண்டுவர வேண்டும். மிக நன்றாகப் பேணப்பட்டது எதுவோ, அது கடை முகப்பின் கண்ணாடிப் பேழையில், உரியவர் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டோடு ஓராண்டு நிற்கும். அந்தச் சீட்டைப் பத்து ஆண்டுகளும் பணப்பையிலேயே வைத்திருந்தேன் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வாயுவின் விசையில் பிளாஸ்டிக் மணிகளைச் சுடும் விளையாட்டுப் பொருள்கள்தாம் அவை. ஆயினும் என் போன்றோர் சுடுவதற்காக வாங்குவதில்லை. வைத்துப் பார்ப்பதற்கே வாங்குகிறோம். தைச்சுங் நகர நில அளவை அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வரைபடம் வரைகிறேன். ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் பிரிவுத் தலைவரின் பெயரே இருக்கும். என் பெயர் பொறித்த தகடு ஒன்று எங்கேனும் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதைப் பெரும் குற்றமாகக் கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் கைக்கு ஒரு குறை உண்டு. வியர்வையில் உப்பு அதிகம். நான் தொட்ட இரும்பு சில நாளிலேயே பழுப்பேறிவிடும். பள்ளியில் என் கவராயம் ஒரு பருவம்கூடத் தாங்கியதில்லை. அக்கா கடைக்கு வருவோர் எனக்கு 'உப்புக்கை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இரும்பைத் தொட நேரும் இடத்துக்கெல்லாம் கையுறை போட்டே போவேன். ஆகவே துப்பாக்கியை அது வந்த பெட்டியின் ஸ்பாஞ்சுப் படுக்கையிலேயே கிடத்தி, ஈரம் உறிஞ்சும் மின் அலமாரிக்குள் வைத்தேன். தொட்டதே இல்லை. மாலைதோறும் கண்ணாடி வழியே பார்ப்பதோடு சரி. வெற்றி எனக்குத்தான் என்று நம்பியிருந்தேன்.

அந்த ஞாயிறுக்கு மூன்று வாரம் முன்பு சியாவின் சோற்றுக்கடைக்குப் போனேன். அவரும் முப்பதில் ஒன்றை வாங்கியவர். என்னைவிட ஆறு வயது இளையவர். பிளம் பழுக்கும் காலத்து அடைமழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

"வாங்க உப்புக்கை அண்ணே! சாப்பிடவா, இல்ல உளவு பார்க்கவா?" என்றார் சியாவ், பன்றிக்கறிக் குழம்பைக் கிளறியபடி.

அவருடைய துப்பாக்கி அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கியது.

"இன்னுமா அடுப்புக்கு மேல மாட்டி வச்சிருக்கீங்க?"

"வீட்டுக்குள்ள அது வந்தா நான் வெளிய போயிருவேன்னா எம் பொண்டாட்டி. அதான், நானும் இதுவும் கடையிலேயே குடித்தனம்." சிரித்தபடி அதை இறக்கினார். "வாரா வாரம் பின்சந்துல பத்துப் பதினஞ்சு பீர் டப்பாவைச் சுடுவேன். சும்மா வச்சிருந்தா அதுக்கும் சலிச்சுப் போகுமில்ல?"

துணியால் ஒரு முறை அழுத்தித் துடைத்தார். பிசுக்கு அகன்றது. அடியில் கருநீல மெருகு, நேற்றுப் பூசியது போல், ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தது. பத்து ஆண்டு காலம் கொழுப்பு ஆவி படலமாகப் படிந்து ஈரத்தை அண்டவிடாமல் காத்திருக்கிறது. நான் கையுறையும் மின் அலமாரியுமாகத் தவம் கிடந்தேன். இவருக்கோ குழம்புப் பானை காவல் காத்திருக்கிறது! என் வயிறு எரிந்த எரிச்சலுக்கு அங்கே இன்னொரு பானை வைத்திருக்கலாம்.

அந்நேரம் நனைந்த குடைகளோடு நான்கு பேர் வந்தார்கள்.

"நான் எண்ணெய் தடவி வைக்கிறேன், நீங்க கடையைப் பாருங்க," என்றேன். என் குரல் எப்போதும் போல் பணிவாகவே இருந்தது.

"பெரிய மனசு அண்ணே. தடவிட்டுத் துணியில சுத்தி அந்த பிஸ்கட் டப்பாவுல போட்டுடுங்க. இனி போட்டி அன்னைக்குத்தான் திறப்பேன். அதுக்குள்ள சுட்டு ஏதாவது ஆயிட்டா?"

எண்ணெய்ப் புட்டியை நான் திறக்கவில்லை. வலக்கைக் கையுறையைக் கழற்றினேன். மேற்பாகத்தின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, மனத்துக்குள் இருபது எண்ணினேன். பிறகு துணியில் சுற்றி டப்பாவை மூடினேன். அவர் இலவசமாகத் தந்த குழம்பு முட்டையையும் சாப்பிட்டுவிட்டே வந்தேன்.

அந்த ஞாயிறன்று முப்பதில் பத்தொன்பது வந்திருந்தன. கடலோரத்தில் குடியிருப்பவருடையது மணல் நிறத்தில் இருந்தது. ஒருவர் தோல் உறைக்குள்ளேயே வைத்திருந்ததால் உறையின் தையல்கூடத் துருவாய்ப் பதிந்திருந்தது. என் முறை வந்ததும் பெட்டியைத் திறந்தேன். எல்லோரும் "ஆகா" என்றார்கள். யென் அக்கா அதைத் தூக்கினார். பிசின் கிழிவது போல் ஒரு சத்தம்.

இடப்பக்கம் முழுவதும் கறுப்புக் கூழ். ஸ்பாஞ்சு மக்கி, உருகி, எஃகோடு ஒட்டி, மெருகைத் தின்றிருந்தது. அக்கா நகத்தால் சுரண்ட, அடியில் குழி குழியாகத் தெரிந்தது.

"பத்து வருஷத்துல ஒரு தடவைகூடத் திருப்பிப் போடலையா பெங்?"

"தொட்டா கெட்டுப் போயிடுமேன்னு..."

"பொண்ணு பார்க்கப் போனவன் ஒரு கன்னத்தை மட்டும் பார்த்துட்டு வந்த கதையா இருக்கு," என்றார் யாரோ. எல்லோரும் சிரித்தார்கள். நானும் மரியாதைக்குச் சிரித்தேன்.

கடைசியாகச் சியாவ் டப்பாவைத் திறந்து துணியைப் பிரித்தார். சிரிப்பு நின்றது.

நீல மெருகின் நடுவே பழுப்பாக ஒரு கட்டைவிரல். ரேகை ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது. குறுக்கே ஒரு கோடு. அலுவலகக் காகித வெட்டியில் நான் விரலை வெட்டிக்கொண்ட தழும்பு. அதை நான் நினைத்திருக்கவே இல்லை.

"இது யாரு கை?" என்றார் அக்கா.

சியாவ் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு கையுறைக்குள் இருந்த என் வலக்கையைப் பார்த்தார்.

"என் தப்புதான் அக்கா," என்றார். "துடைச்சதும் நானே எண்ணெய் போட்டிருக்கணும். அடுத்தவங்க கிட்ட விட்டிருக்கக் கூடாது." பின் என் பக்கம் திரும்பினார். "பெங் அண்ணே பொறுமைசாலி. அவரே துருவை எடுத்துத் தரட்டும்."

துரு தேய்க்கும் மெல்லிய இரும்பு நார்ச்சுருளையும் எண்ணெயையும் என் முன் வைத்துவிட்டுக் காதோரம் குனிந்தார். "கிளவுஸைக் கழட்டிடாதீங்க அண்ணே."

பத்தொன்பது பேரின் முன்னிலையில் ஒரு மணி நேரம் தேய்த்தேன். பழுப்பு போனது. ரேகை கடித்த நுண்ணிய தடம் மட்டும் போகவில்லை. அப்படியும் மற்ற பதினெட்டைவிட அதுவே மேலாக இருந்தது. தகட்டில் 'சியாவ் தே-மிங்' என்று பொறித்தார்கள்.

அலுவலகம் முடிந்து அந்தப் பக்கம் போகாமல் இருக்க என்னால் முடிவதில்லை. மாலை ஐந்தரைக்கு எதிர்க்கட்டடத்து ஜன்னலில் பட்டு வெயில் சாய்வாகப் பேழைக்குள் விழும்போது அந்தக் கட்டைவிரல் தெரியும், தழும்போடு. அருகிலேயே அவர் பெயரும் மின்னும். நேற்று, அலுவலகப் பையோடு நின்ற ஒருவர் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "பத்து வருஷம் ஆச்சாமே, புதுசு மாதிரி இருக்கே! யாருதுங்க இது?"

"சியாவ் அவர்களுடையதுங்க," என்றேன். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.