ஒத்திலியாவின் கல்யாணத்துக்கு வந்த ஆறு

ஒத்திலியாவின் கல்யாணத்துக்காக, மெக்சிகோவுக்கும் டெக்சஸுக்கும் எல்லையாக ஓடும் பிராவோ ஆறு இடம் மாறியது, முலாம்பழம் நல்ல விலைக்குப் போன வருஷத்தில். ஆறு நகர்வது அந்தக் கரைக்காரர்களுக்குப் புதிதல்ல. மெக்சிகோவில் படுத்து டெக்சஸில் கண்விழித்த ஆடுகள் அங்கே ஏராளம். மெதுவாக அரித்துக்கொண்டு போனால் எல்லையும் கூடவே போகும், ஒரேயடியாகத் தாவினால் எல்லை பழைய தடத்திலேயே கிடக்கும் என்று இரண்டு அரசாங்கங்களும் பேசிவைத்திருந்தன. ஆறுதான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முன்பொரு வெள்ளத்தில் அது ஒத்திலியாவின் அப்பா எவாரிஸ்தோவுடைய பழத்தோட்டத்தைச் சுருட்டிக்கொண்டு போய் அக்கரைக்காரன் வாசலில் பரப்பியது. ஊர்த் தேவாலயத்தையும் விடவில்லை, தடம் மாறி அதையும் அக்கரையில் விட்டுவிட்டது. இந்தச் சனியனைத் தாண்டி ஒரு அடி வைக்கமாட்டேன் என்று எவாரிஸ்தோ புனித இசிதோர் படத்தின் முன்னால் நேர்ந்துகொண்டார். கூத்தைப் பாருங்கள், அதே அக்கரைக்காரனின் மகன் நிகானோரைத்தான் கட்டுவேன் என்றாள் ஒத்திலியா. இருந்த ஒரே தேவாலயமும் அக்கரையில். அப்பன் கைப்பிடித்துக் கொடுக்காமல் அங்கே கல்யாணம் கிடையாது.

நிகானோர் வீட்டார் ரொட்டியும் சாக்லேட்டும் நிறைந்த கூடையோடு பெண் கேட்டு வந்தார்கள். கூடையை வாங்கினால் சம்மதம் என்று அர்த்தம். எவாரிஸ்தோ வாங்கிவிட்டார். நேர்ச்சை ஞாபகம் வந்தது ரொட்டியைக் கடித்த பிறகுதான்.

"புனிதர்கிட்ட குடுத்த வாக்குடி, மீற முடியாது."

"கடிக்கிறதுக்கு முன்னாடி ஞாபகம் வரலையாக்கும்!" என்றாள் மனைவி கசில்டா. "எம்பொண்ணு கல்யாணம் நின்னுச்சுன்னா இந்த வீட்டுல உங்களுக்கு ஒரு சோளரொட்டி கிடையாது."

ஒத்திலியா நேராக ஆற்றங்கரைக்குப் போனாள். "எல்லாம் உன்னாலதான். தோட்டத்தைத் தூக்கிட்டுப் போகத் தெரிஞ்சுதில்ல? இப்பக் கொஞ்சம் நகரு."

கல்யாணத்தன்று காலையில் ஆறு வீட்டுக்குப் பின்னால், கோழிக்கூட்டை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முட்டைகூட உடையவில்லை. வாசலிலிருந்து தேவாலயம்வரை காய்ந்த மணல். எவாரிஸ்தோ மகள் கையைப் பிடித்தபடி, சந்தோஷம் தாங்காமல் அழுதுகொண்டே நடந்தார். ஆறு மெதுவாகப் போனதா, தாவியதா என்று விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். "கல்யாணத்துக்கு எல்லாரும் எப்படிப் போவாங்களோ அப்படித்தாங்க போச்சு," என்றாள் கசில்டா. அவருக்கும் ஆட்டுக்கறி பரிமாறினார்கள். எவாரிஸ்தோ வீடு திரும்பி பூட்சைக் கழற்றும்வரை காத்திருந்துவிட்டு ஆறு பழைய இடத்துக்குப் போனது.

மறுவருஷம் பேத்தி பிறந்த சேதியை நிகானோர் அக்கரையிலிருந்து கூவிச் சொன்னான். கசில்டா கொடியிலிருந்த துணிகளை எடுத்தாள், கோழிகளை உள்ளே விரட்டினாள். எவாரிஸ்தோ தொப்பியை மாட்டிக்கொண்டு கரையில் போய் நின்றார்.

"பேத்தி பொறந்திருக்கா. என்ன பாத்துக்கிட்டிருக்க? கிளம்பு சனியனே," என்றார்.

ஆறு கிளம்பியது.