புரதங்கள் ஒட்டும் இடம்

அண்ணி சொன்னால் நாத்தனாருக்கு ஆகாது. நாத்தனார் சொன்னால் அண்ணிக்கு ஆகாது. வீட்டுத் திரைச்சீலை நீலமா பச்சையா என்பதற்கே ஒரு மாதமாக மல்லுக்கு நிற்கும் இருவரையும் ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்கு வைத்த புண்ணியவான் யாரோ! அண்ணிக்குக் கணினி, நாத்தனாருக்குச் சோதனைக்குழாய்.

எந்தப் புரதம் எதனோடு எந்த இடத்தில் ஒட்டும் என்று கணித்துச் சொல்லும் நிரலை இரண்டு வருடம் மாங்கு மாங்கென்று எழுதியிருந்தாள் அண்ணி. அது ஒரு ஜோடியைப் பார்த்து, முதுகுப் பக்கம்தான் ஒட்டும் என்றது. அந்தப் புரதங்களைப் படிகமாக்கி எடுத்த பழைய படத்திலோ இரண்டும் வயிற்றோடு வயிறாக நின்றன. ஆராய்ச்சிக்கூடத் தலைவர் சிரித்துவிட்டார்.

"படத்துலயே பளிச்சுனு தெரியுதேம்மா. உன் கம்ப்யூட்டர் கனவு காணுதா?"

"படம் எடுக்கிறதுக்காகப் படிகத்துக்குள்ள நெருக்கி அடைச்சு வெச்சிருக்காங்க சார். நெரிசல் பஸ்ல உரசிட்டு நிக்கிறவன்லாம் மாமன் மச்சானா?"

வாயை விட்டாயிற்று. சோதித்துப் பார்ப்போம், பொய்யானால் நிரலை மூடிவிடுவோம் என்றார் தலைவர். அந்த வேலை நாத்தனார் தலையில் விழுந்தது. முதுகில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்ற வேண்டும். ஜோடி பிரிந்தால் அண்ணி சொன்னது சரி; பிரியாவிட்டால் இரண்டு வருட உழைப்பு குப்பையில்.

அந்த வாரம் முழுக்க நாத்தனார் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பிடும்போதுகூடத் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். தோற்றுவிட்டோம், சொல்லிக்காட்ட நேரம் பார்க்கிறாள் என்றே நினைத்தாள் அண்ணி. வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் சோதனை அறைக்கே போய் நின்றாள்.

"எதுவா இருந்தாலும் சொல்லித் தொலை."

நாத்தனார் கையுறையைக் கழற்றினாள். "பிரிஞ்சிடுச்சு அண்ணி. வயித்துப் பக்கம் மாத்தினா அசையவே இல்ல. முதுகுல மாத்தினதும் தனித்தனியா போயிடுச்சு."

போன உயிர் திரும்பி வந்தது. அண்ணி பக்கத்து ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். கூடவே கோபமும் வந்தது.

"எப்போ தெரியும் உனக்கு?"

"திங்கக்கிழமையே பிரிஞ்சிடுச்சு. நம்பாம மறுபடி செஞ்சேன். அப்புறம் இன்னொரு தடவை."

"நான் ஜெயிக்கிறது அவ்வளவு கசக்குதா?"

"அய்யோ அண்ணி! பிரிஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டு, அப்புறம் இல்லைன்னு வந்து நிக்கணும்னா? அப்போ உங்க முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்ல."

இத்தனை வருடம் ஒரே வீட்டில் உரசிக்கொண்டு மட்டும்தான் இருக்கிறோம் என்று நினைத்திருந்தாள் அண்ணி.

"சரி, திரைச்சீலை நீ கேட்ட பச்சையே போட்டுக்கலாம்."

"வேணாம், நீலமே போடுங்க."

அதற்கும் சண்டை பிடித்துக்கொண்டே இருவரும் தலைவர் அறைக்கு நடந்தார்கள்.