சும்மா கை சூடாக்கிக்க

பட்டியில் தொலைபேசி அடித்தது. பயிற்சியாளர் டாய்ல் எடுத்துக் காதில் வைத்து, இரண்டு முறை "சரி" என்று சொல்லிவிட்டு வைத்தார். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த வீச்சாளர்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"நெல்வின், எழுந்திரு. சும்மா கை சூடாக்கிக்க."

நெல்வின் வாயிலிருந்த தொலியைத் துப்பிவிட்டு மேல்சட்டையைக் கழற்றினான். அதற்குள் உர்பானோ முகக்கூட்டை மாட்டிக்கொண்டு எதிர்முனையில் குந்திவிட்டார். பட்டியில் எறிகிற பந்துகளையெல்லாம் பிடிப்பது அவர் வேலை. வெனிசுவேலாக்காரர். மைதானத்துக்குள் ஒரு பந்துகூடப் பிடிக்காமலே முழங்கால் தேய்ந்துபோனவர்.

பேஸ்பால் மைதானத்தின் ஓரமாக, வேலி போட்டு அடைத்த இந்த இடத்துக்குக் காளைப்பட்டி என்று பெயர். ஆட்டத்தைத் தொடங்கும் வீச்சாளன் களைத்துப்போனால் அவனுக்குப் பதிலாக இறங்க வேண்டியவர்கள் இங்கேதான் காத்துக் கிடப்பார்கள். பெயர் வைத்தவன் ஒரு நாளாவது இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான் என்பது உர்பானோவின் கட்சி.

நெல்வின் மெதுவாக ஆரம்பித்தான். தோள் இளகியது, பந்து கனத்தது, கையுறையில் படார் படார் என்று சத்தம் வந்தது. போதும் என்று தோன்றியதும் வலது கையால் தொப்பியைக் கழற்றி, மைதானத்தின் மறுகோடியில் இருந்த மேலாளருக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினான். தயார் என்று அதற்கு அர்த்தம். இனி மேலாளர் மெர்ரிக் மைதானத்துக்குள் நடந்து வந்து தன் வலது கையைத் தட்டிக் காட்டினால் வலக்கைக்காரன் இறங்க வேண்டும், இடது கையைத் தட்டினால் இடக்கைக்காரன். நெல்வின் வலக்கைக்காரன்.

மெர்ரிக் வரவில்லை. ஆட்டத்தில் இருந்தவன் எப்படியோ சமாளித்துவிட்டான். நெல்வின் உட்கார்ந்தான், வேர்வை காய்ந்தது. மறுபடி தொலைபேசி, மறுபடி எழுந்தான், மறுபடி தொப்பி. அன்றைக்கு மூன்று தடவை அப்படி நடந்தது. கடைசிவரை அவனைக் கூப்பிடவே இல்லை.

"நேத்து வெச்ச பீன்ஸத் திரும்பத் திரும்ப அடுப்புல ஏத்துனா என்னடா ஆகும்? அடிப்பிடிக்கும்" என்றார் உர்பானோ, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தபடி.

"எங்க அம்மா செஞ்சா அப்பவும் நல்லாத்தான் இருக்கும்ணே."

"அந்த அடிப்பிடிச்ச கருப்பச் சுரண்டித் தின்னு வளந்தவன்தானே நீ. அதான் இப்பிடி இருக்க."

நெல்வின் சிரித்தான். வளர்ந்தது டொமினிக்கன் குடியரசில், அஸ்வா வெயிலில். அமெரிக்காவில் கீழ்மட்டக் குழுக்களில் இருந்தவரை, தான் எறிந்த எல்லா ஆட்டத்தையும் அவனேதான் தொடங்கினான். பெரிய குழுவுக்கு வந்ததும் பட்டியில் உட்கார வைத்துவிட்டார்கள். வந்த முதல் நாள் மெர்ரிக் அவன் தோளில் கை போட்டுச் சொன்னார்: "இளங்கை தம்பி. ஆட்டம் முழுக்கப் போட்டா கெட்டுப்போயிடும். பட்டியில இருந்து ஒவ்வொரு இன்னிங்ஸா எறிஞ்சு பழகு. பெரிய ஆளுங்களக் கொஞ்சம் கொஞ்சமாப் பாரு. இதான் உனக்குப் பள்ளிக்கூடம்." ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்; வருடத்துக்கு இத்தனைதான் என்று அவன் கைக்கு ஒரு வரம்பும் வைத்திருந்தார்கள். மைதானத்தில் எறிவதற்குத்தான் வரம்பு. அவர்கள் கணக்கில் பட்டியில் எறிவது பந்தே அல்ல.

அன்றைய ஆட்டம் முடிந்ததும் மெர்ரிக் கூப்பிட்டனுப்பினார். தொடக்க வீச்சாளன் ஒருவனுக்கு விரலில் கொப்புளம்.

"ஞாயித்துக்கிழமை ஆட்டத்த நீ தொடங்குற" என்றார்.

நெல்வினுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் சந்தேகமில்லாமல் புரிந்தது. நன்றி என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, கதவு என்று நினைத்து அலமாரியைத் திறந்தான்.

வெள்ளிக்கிழமை தனக்கு ஓய்வுதான் என்று நினைத்திருந்தான். ஆட்டம் சமனாகி இழுத்துக்கொண்டே போனது. பட்டியில் ஒவ்வொருவனாக இறங்கித் தீர்ந்தார்கள். தொலைபேசி அடித்தது.

"சும்மாதான்" என்றார் டாய்ல்.

"கோச், நாளன்னைக்கு நான்..."

"தெரியும்பா. நேத்து நீ ஆட்டத்துல ஒரு பந்துகூட எறியலையே. கை புதுசாத்தானே இருக்கு?"

டாய்ல் கெட்ட மனிதர் அல்ல. அவர் அதை நம்பித்தான் சொன்னார். நெல்வின் எழுந்து எறிந்தான், தொப்பியைக் காட்டினான், உட்கார்ந்தான். இன்னொரு முறை எழுந்தபோது முழங்கையின் உள்பக்கம் சட்டைப் பொத்தான் அளவு இடத்தில் ஏதோ சுருக்கென்றது. யாரிடமும் சொல்லவில்லை. அன்றும் அவனை இறக்கவில்லை.

அறைக்குப் போனதும் ஊரிலிருந்து அக்கா யோகாஸ்தா அழைத்தாள்.

"டேய், நெசமாவா? நீயேதான் முதல்ல எறியப் போறியா?"

"நானேதான்கா."

"இல்ல, டீவியில எப்பப் பாத்தாலும் நீ பெஞ்சுல உக்காந்து கிளி மாதிரி வெத கொறிச்சிட்டு இருக்கறதத்தான் காட்டுறான். அம்மாகிட்ட எல்லாரும் கேக்குறாங்க, உங்க பையனுக்கு அங்க என்ன வேலை, காவலான்னு."

"ஞாயித்துக்கிழமை பாக்கச் சொல்லு."

"கடைக்காரரு டீவியத் தெருவுக்கே தூக்கிட்டு வரப்போறாராம். அப்பா இப்பவே சட்டைக்கு இஸ்திரி போட்டு வெச்சிருக்காரு. உன்ன அவரு டீவியில பாக்கறதா, டீவியில நீ அவரப் பாக்கறதான்னே தெரியல."

பேசும்போது தொலைபேசி இடது கையில் இருந்தது. வலது கை பனிக்கட்டிப் பைக்கடியில் கிடந்தது. அக்கா சிரிக்கச் சிரிக்க அவனும் சிரித்தான். சந்தோஷம்தான். கூடவே பயம்.

சனிக்கிழமை பகல் ஆட்டம். முந்தின நாள் இழுத்த இழுப்பில் பட்டியில் பாதிப் பேருக்குக் கை ஓய்ந்திருந்தது. வெயில் நேராகப் பெஞ்சில் விழுந்தது. காலையில் சட்டைப் பொத்தான்களை நெல்வின் இடது கையாலேயே போட்டிருந்தான். ஒன்று மாறிப் போட்டிருந்ததை உர்பானோ பார்த்தார்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். நெல்வினின் குழு ஒரே ஒரு ஓட்டம் முன்னால். எதிரணியில் இரண்டு பேர் ஓட்டப் பாதையின் தளங்களில் நின்றார்கள், ஒரு நல்ல அடி விழுந்தால் இருவரும் ஓடி வந்துவிடுவார்கள். தொலைபேசி அடித்தது. இந்த முறை டாய்ல் "சும்மா" என்று சொல்லவில்லை.

"நெல்வின். சீக்கிரம்."

முதல் பந்தைப் பிடித்ததுமே உர்பானோ எழுந்தார். பந்தை எறிந்து கொடுக்காமல், கையிலேயே வைத்துக்கொண்டு அவனிடம் நடந்து வந்தார்.

"முழங்கையா?"

"ஒண்ணுமில்லண்ணே."

"பொய் சொல்லாத. டாய்ல்கிட்டச் சொல்றேன்."

"சொன்னா நாளைக்கு?"

"சொல்லலேன்னா அடுத்த வருஷம்?"

நெல்வின் அவர் கையிலிருந்த பந்தை இடது கையால் வாங்கிக்கொண்டான். "தெருவுக்கு டீவி வருதுண்ணே" என்றான்.

உர்பானோவுக்கும் எங்கோ ஒரு தெரு இருந்தது. திரும்பிப் போய்க் குந்தி, கையுறையை விரித்தார்.

நெல்வின் எறிந்தான். வலி இப்போது பொத்தான் அளவில் இல்லை, சுண்டுவிரல் வரை ஓடியது. டாய்ல் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒரே ஒரு மட்டைக்காரன். அவன மட்டும் அவுட்டாக்கிட்டு வந்துடு."

"நாளைக்கும் நான்தானே கோச்?"

டாய்ல் மைதானத்தைப் பார்த்தார். "அத மெர்ரிக் பாத்துக்குவாரு. அங்க கேக்கறாங்க, தயாரா?"

தொப்பியைக் கழற்ற நெல்வின் வலது கையைத் தூக்கினான். கை நெஞ்சு வரை வந்தது. அதற்கு மேல் வரமாட்டேன் என்றது. உர்பானோ பார்த்துக்கொண்டிருந்தார். நெல்வின் இடது கையிலிருந்த கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் தொப்பியை எடுத்து உயர்த்திக் காட்டினான்.

அத்தனை தூரத்துக்குத் தொப்பி மட்டும்தான் தெரியும்.

மெர்ரிக் படியேறி வெளியே வந்தார். கூட்டம் எழுந்து கத்தியது. மைதானத்தின் நடுவரைக்கும் நிதானமாக நடந்துபோய், பட்டிப் பக்கம் திரும்பி, முழுக்கைச் சட்டைக்குள்ளிருந்த தன் வலது கையை இரண்டு முறை தட்டிக் காட்டினார்.

காவலாள் வேலிக்கதவைத் திறந்துவிட்டான்.