பாக்கெட்டில்தான் இருக்கும்

"லைட்டைப் போடாதீங்க மாமா!"

அவள் போட்ட சத்தத்தில் மூத்தவரின் கை சுவிட்சிலிருந்து தானாக விலகியது. இறந்தவரின் அண்ணன் அவர்; அவள் தம்பி மனைவி. தம்பி உடம்பைத் துடைக்கத் தண்ணீர் பிடிக்கலாமென்று வாளியோடு குளியலறைக்கு வந்திருந்தார். தம்பி முன்னறைக் கட்டிலில் கிடந்தார். விடியற்காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று சொல்லிப் போயிருந்தார்.

"இருட்டுல எப்படிம்மா தண்ணி பிடிக்கிறது?"

"உள்ள அவரோட ஃபிரேம் இருக்கு. வெளிச்சம் பட்டா போச்சு. நீங்க சமையலறையில பிடிச்சுக்குங்க."

மூத்தவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வாளியோடு திரும்பினார். துக்கத்தில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

அவள் கணவர் டி-ஷர்ட் பாக்கெட்டுகளில் படம் அச்சடிப்பவர். "முழு நெஞ்சுக்கும் அடிக்க ஊர்ப்பட்ட ஆளுங்க இருக்காங்க. பாக்கெட்டுன்னா என்கிட்டதான் வரணும்" என்று பீற்றிக்கொள்வார். வீட்டுக் குளியலறைதான் அவருக்கு இருட்டறை. ஃபிரேம் என்கிற மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் பச்சை மருந்தைப் பூசி, படம் வரைந்த பிளாஸ்டிக் தாளை அதன்மேல் வைத்து விளக்கைக் காட்டுவார். வெளிச்சம் பட்ட மருந்து இறுகிவிடும். படத்துக்கு அடியில் இருந்த மருந்து மட்டும் தண்ணீரில் கரைந்து போகும். அந்த வழியாகத்தான் பிறகு மை இறங்கும்.

நேற்று சாயங்காலம் விளக்குக் காட்டி முடித்ததும், "அசதியா இருக்கு, காலையில கழுவிக்கிறேன்" என்று சட்டத்தைக் கருப்புத் துணியில் சுற்றி வைத்தார். யாருக்கு, என்ன படம் என்று அவள் கேட்டாள்.

"அவசரக் குடுக்கை. நாளைக்குப் பாரு."

தாளையாவது பார்க்கலாம் என்றால், வழக்கம்போல உடனே துடைத்து அடுத்த வேலைக்கு எடுத்து வைத்துவிட்டார். கஞ்சப் பிசினாரி. இனி அந்தப் படம் இருப்பது சட்டத்தில் மட்டும்தான், அதுவும் யாராவது விளக்கைப் போடும்வரைதான். மதியம் வண்டி வந்து அவரை எடுத்துப் போவதற்குள் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று அவள் தவித்தாள். இத்தனை வருஷம் அவர் மனதில் ஓடியதை எல்லாம் கேட்டுக் கேட்டே தெரிந்துகொண்டவள். கடைசியாக ஓடியது தெரியாமல் எப்படி அனுப்புவது?

முன்னறையில் மூத்தவர் உடம்பைத் துடைத்து, அவள் எடுத்துக் கொடுத்த, அவர் எப்போதும் போடும் பாக்கெட் வைத்த சாம்பல் நிற டி-ஷர்ட்டையே முணுமுணுத்தபடி போட்டுவிட்டார். அவருக்கு இப்போது வேறு கவலை.

"கண்ணாடி எங்கம்மா? கண்ணாடி இல்லாம அவன் மூஞ்சியே அவன் மூஞ்சியா இல்ல."

கட்டிலுக்கு அடியில், மேசையில், அலமாரியில் என்று எல்லா இடமும் தேடியாயிற்று. இது இந்த வீட்டில் தினசரிக் கூத்து. "ஏய், என் கண்ணாடி எங்க?" என்று அவர் கத்துவார். அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல், "பாக்கெட்ல பாருங்க" என்பாள். பாதி நாள் அங்கேதான் தொங்கும். மீதி நாள் வீட்டையே புரட்டிப் போட வேண்டும்.

மகளைக் கூட்டிக்கொண்டு அவள் குளியலறைக்குள் போனாள். கதவிடுக்கு வெளிச்சத்தில் துணியைப் பிரித்துத் தண்ணீரைப் பீய்ச்சினாள். பச்சை கரைந்து ஒழுக ஒழுக, வலையில் இரண்டு வட்டங்கள் திறந்துகொண்டன. நடுவில் ஒரு வளைவு.

"சைக்கிள்மா" என்றாள் மகள்.

"சைக்கிளுக்கு ஹேண்டில்பார் எங்கடி?"

"அப்ப கைவிலங்கு."

"ஆமா, உங்கப்பாவுக்குப் போலீஸ்காரங்கதான் ஆர்டர் குடுத்தாங்க."

இருவருக்கும் சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றுபோனது. மகள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் ஒரு கையால் மகள் தலையைத் தடவிக்கொண்டே இன்னொரு கையால் தண்ணீரைப் பீய்ச்சினாள்.

முடி உலர்த்தும் மெஷினைக் காட்டிச் சட்டத்தைக் காயவைக்கும்போதுதான் அலமாரித் தட்டில் அட்டையைப் பார்த்தாள். மை பின்பக்கம் ஊறாமல் இருக்கப் பாக்கெட்டுக்குள் செருகும் அட்டை. வழக்கமாக ஒற்றை அட்டைதான் இருக்கும். இதை மூன்று நான்கு அட்டைகள் ஒட்டித் தடியாகச் செய்திருந்தார். பாக்கெட்டின் மேல் மடிப்பு தடித்திருக்கும், அதில் மை ஒழுங்காக விழாது என்பதால் விளிம்பைத் தொடும் படத்தை அவர் ஒப்புக்கொள்வதே இல்லை. துணியை மடிப்பின் உயரத்துக்குத் தூக்கத்தான் இந்தத் தடி அட்டை என்று அவளுக்குப் புரிந்தது. இவ்வளவு மெனக்கெட்டது யாருக்காக?

மேலே பென்சிலில் 'என்னோடது' என்று எழுதியிருந்தது.

அவள் முன்னறைக்குப் போனாள். மூத்தவர் வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். கணவரின் பாக்கெட்டுக்குள் அட்டையைச் செருகினாள். அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. சட்டத்தை அவர் நெஞ்சின்மேல் வைத்து, "பிடிச்சுக்கடி" என்றாள். கருப்பு மையை விட்டு, ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு. அவர் இழுப்பதை நூறு தடவை பார்த்திருக்கிறாள், தொட்டதில்லை. அவருக்கு வலிக்குமோ என்று அழுத்தத்தைக் குறைத்தாள்.

சட்டத்தைத் தூக்கினாள்.

கண்ணாடி. ஒரு காதுக் கம்பியைப் பாக்கெட்டுக்குள் விட்டு, விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அட பாவி மனுஷா" என்றாள். இனிமேல் 'பாக்கெட்ல பாருங்க' என்று அவள் என்றைக்குச் சொன்னாலும் சரியாகத்தான் இருந்திருக்கும்.

"அம்மா, சூடு காட்டலேன்னா மை காயாதேம்மா" என்றாள் மகள். அச்சடித்த துணிக்குச் சூடு காட்டுவதுதான் இத்தனை வருஷமும் அம்மாவின் வேலை.

"அவர் மேலயாடி காட்டச் சொல்ற?" என்றாள். சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, "இனிமே துவைக்கவா போறோம்" என்றாள்.

மூத்தவர் உள்ளே வந்தார். தம்பியைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

"அப்பாடா, கிடைச்சிருச்சா! பாக்கெட்லயேவா இருந்துச்சு?"

யாரும் பதில் சொல்வதற்குள் குனிந்து, கண்ணாடியை எடுக்க இரண்டு விரலை வைத்துவிட்டார். விரல் துணியில் வழுக்கியது. ஒரு வட்டத்தின் ஓரம் லேசாக இழுபட்டது. அவர் கையைத் தூக்கி, மை ஒட்டிய விரல்களைப் பார்த்தார், தம்பியின் பாக்கெட்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

அவள் துடைத்துக்கொள்ளத் துணியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

மதியம் வண்டி வந்தது. தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து மூத்தவர் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அவர் அந்த இரண்டு விரலையும் மட்டும் மடக்கி வைத்துக்கொண்டு, மற்ற விரல்களையே அவர்களிடம் கொடுத்தார்.