காக்கா எடுத்துப் போச்சு

மெக்கானிக் நல்லையாவுக்குக் கறுப்பெண்ணெயைக் கண்டால் பயம். சிரிக்காதீர்கள். அந்த எண்ணெய்க்காக உங்களையும் இரண்டு இடத்திலிருந்து துரத்தியிருந்தால் தெரியும். முதலில் பெரிய ரோட்டோரம் வண்டிகளை நிறுத்தி வேலை பார்த்தான். ஒரு மழை பெய்தது, வழிந்த எண்ணெய் சாக்கடையோடு போய் யாருடைய மீன் குட்டையிலோ மிதந்தது, கிளம்பு என்றார்கள். அப்புறம் ஒரு மளிகைக் கடையின் பின்சந்து. கடைக்காரர் வழுக்கி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தல் இன்றைக்கும் அவன் காதில் இருக்கிறது. மூன்றாவதாகக் கிடைத்ததுதான் காஜா பேராங்கில் சிவகாமசுந்தரி வீட்டுக் கொல்லை. நாலாவது இடம் என்று ஒன்று மலாக்காவில் கிடையாது. தேடிப் பார்த்துவிட்டான்.

சிவகாமசுந்தரி மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண். பேர் தமிழ், சாமி தமிழ், வாசலில் மாவிலைத் தோரணம். வாயைத் திறந்தால் மட்டும் மலாய். ஐம்பது வயது, புருஷன் இல்லை, சொன்ன சொல்லை மாற்றாதவள் என்று கம்பம் எனப்படும் அந்தக் குடியிருப்பு முழுக்கப் பேர். ஒரு தடவை தம்பி மகன் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். கல்யாணம் எதிர் வீட்டில். மேளம் வாசிக்கிறான், பந்தி நடக்கிறது, இவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே கஞ்சி குடித்தாள். அப்படிப்பட்டவள், நல்லையாவுக்கு இடம் கொடுத்த அன்றைக்கே கிணற்றைக் காட்டிச் சொன்னாள்:

"இது ஆறு வீடு குடிக்கிற தண்ணி. உன் எண்ணெய் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாக்கூட நீ கிளம்பிடணும். ரெண்டாவது பேச்சு கிடையாது."

"சரி, காக்," என்றான் நல்லையா.

கம்பத்தில் எல்லாரும் அவளைக் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். மலாயில் அக்காவுக்கு அதுதான் வார்த்தை. நல்லையா மட்டும் 'காக்' என்று பாதியில் பிரேக் போட்டுவிடுவான். இடம் கொடுத்த மகராசியைப் போய்க் காக்கா என்று கூப்பிட அவன் நாக்கு வளையவில்லை.

அன்றிலிருந்து அவன் வேலை செய்கிற அழகே தனி. வண்டி வந்து நின்றதும் எஞ்சினைத் தொடமாட்டான், முதலில் மண்வெட்டியை எடுப்பான். வண்டியைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு வரப்பு போடுவான், நாற்று நடப் போகிறவன் மாதிரி. உள்ளே மரத்தூள் பரப்பி, அதன்மேல் கோணிச் சாக்கு விரிப்பான். எண்ணெய் இறக்க, பாதியாக வெட்டிய தகர டின். கழற்றிய ஆணிக்கும் நட்டுக்கும் எனாமல் மங்குக் கிண்ணம். ஒன்றோடொன்று மாறக்கூடாத சாமான்களை வெள்ளைத் துணியில் வரிசையாக அடுக்குவான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு வருஷம் வேலை செய்தான். ஒரு சொட்டுக்கூட வரப்பைத் தாண்டவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் உமரின் லாரி வந்து சேர்ந்தது. உமர், புக்கிட் ரம்பாயிலிருந்து விறகும் பலகையும் ஏற்றுகிற தமிழ் முஸ்லிம் பையன், கல்யாணமாகி ஆறு மாதம். லாரி அவனைவிட மூத்தது, பட்டாளத்துக்காரன் விட்டுப்போன வண்டி. ஆகஸ்டில் மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வருகிறதென்று ஊரே பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. பலகை ஏற்ற ஆள்மேல் ஆள் கூப்பிடுகிறான், வண்டியோ புக்புக்கென்று இருமிக்கொண்டு மேட்டில் நின்றுவிடுகிறது. நல்லையா எஞ்சின் தலையைக் கழற்றிப் பார்த்தான். வால்வு பன்னிரண்டும் கரி பிடித்துக் கிடந்தன.

வேலை மூன்றாம் நாளுக்கு இழுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் பார்ச்சு. செட்டிமார் வருஷத்துக்கு இரண்டு தடவை செத்துப்போன பெரியவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள், இது பழம் பழுக்கிற காலத்துப் பார்ச்சு. காலையில் நல்லையா வந்தபோது சிவகாமசுந்தரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொல்லையில் நின்றாள்.

"சாயங்காலம் இலை போடறதுக்குள்ள இந்தப் பேய் வண்டி வெளியே போயிருக்கணும்."

"போயிடும், காக்."

"இது என்ன இது, மேடு? யாரையோ புதைச்ச மாதிரி இருக்கு. செத்தவங்களுக்குப் படைக்கிற நாளில கொல்லையில குழிமேடா? புக்கிட் பாருலேருந்து என் நாத்தனார் வருவா. வந்ததும் அதைத்தான் கேட்பா. வெட்டித் தள்ளு."

"வரப்பு இல்லாம எப்படி, காக்? எண்ணெய் இறக்கியாகணுமே."

"டின்னுல தானே இறக்கறே? ஜாக்கிரதையா இறக்கு."

அவளிடம் யார் வாயைக் கொடுப்பது? நடைபாதையிலிருந்து பார்த்தால் தெரிகிற பக்கத்தை மட்டும் வெட்டிச் சமன் செய்தான். அது கிணற்றுப் பக்கம். ஒவ்வொரு வெட்டுக்கும் கிணற்றை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

பழைய எண்ணெயைத் தகர டின்னில் இறக்கினான். டின் விளிம்புக்கு நாலு விரல் கீழே வரை நிறைந்தது. அதை லாரியின் முன்சக்கரத்தை ஒட்டி நிறுத்தி, மேலே ஒரு பலகையைச் சாய்த்தான். பிறகு வால்வுப் பூட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவினான். ஒவ்வொரு வால்வையும் இறுக்கிப் பிடிக்க இரண்டிரண்டு பூட்டு. மொத்தம் இருபத்து நாலு, ஒவ்வொன்றும் ஒரு பச்சரிசி நீளம். ஒன்று தொலைந்தாலும் எஞ்சின் எஞ்சின் இல்லை, வெறும் இரும்பு. இந்தப் பழைய வண்டிக்கு அது கடையிலும் கிடைக்காது. அவற்றை வெள்ளைத் துணியில் வரிசையாக வெயிலில் காய வைத்துவிட்டு, கேஸ்கெட் வாங்க உமரோடு கடைத்தெருவுக்குப் போனான்.

திரும்பி வந்தால் துணியும் இல்லை, பூட்டும் இல்லை.

நல்லையா பேயறைந்தவன் மாதிரி நின்றான். உமர் லாரிக்கு அடியில் புகுந்து தேடினான், சாக்கை உதறினான், மரத்தூளைக் கையால் சலித்தான். நேரம் பதினொன்று. பூட்டு இல்லையென்றால் வண்டி நகராது, வண்டி நகராவிட்டால் இலை போடும்போது அது அங்கேயே நிற்கும், நின்றால் இந்த இடம் போச்சு.

அப்போது பக்கத்து வீட்டுத் தேவதாஸ் வேலியோரம் வாழை இலை அறுத்துக்கொண்டிருந்தான். அவனும் செட்டிதான். ஆனால் கோயிலில் மணியடித்து மணியடித்து நாற்பது ஐம்பது தமிழ்ச் சொல் பொறுக்கி வைத்திருந்தான். நல்லையாவைக் கண்டால் அதையெல்லாம் எடுத்து வெளியே விடாமல் இருக்கமாட்டான். மலாயில் பேசித் தொலையேன் என்றாலும் கேட்கமாட்டான்.

"நல்லையா! துணி தேடு?"

"ஆமாய்யா! பார்த்தியா?"

தேவதாஸ் இலைக் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு, பெருமையாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னான்: "காக்கா எடுத்துப் போச்சு. மேலே வெச்சிருக்கு." கையை வேறு ஆகாயத்துக்குக் காட்டினான். காட்டிவிட்டுக் கோயில் பக்கம் நடையைக் கட்டினான்.

"எங்க காக்காவா?" என்று உமர் திகைத்தான். அவன் வீட்டு வழக்கத்தில் அண்ணன்தான் காக்கா. "ஷரீஃபுதீன் காக்கா புக்கிட் ரம்பாயில இருக்காங்களே! இங்கே எப்ப வந்தாங்க?"

"உங்க அண்ணன் எதுக்குடா என் துணியை எடுக்கப் போறார்? அங்கே பாரு!"

மாமரத்து உச்சியில் ஒரு கூடு. அதன் ஓரத்தில் ஒரு காகம் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து இவர்களையே பார்த்தது. பளபளவென்று எதைக் கண்டாலும் கொத்திக்கொண்டு போகிற சனியன்! நல்லையாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பூட்டை எடுத்தால் சரி, முழத்துணியையும் சேர்த்து எடுக்குமா என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். யோசிக்கிற நிலையில் அவன் இல்லை. நாற்பது வயதில், தொப்பையோடு, லாரியின் மட்கார்டில் கால் வைத்து, கூரைமேல் ஏறி, அங்கிருந்து கிளையைப் பிடித்தான். காகம் கத்தியது. எங்கிருந்தோ இன்னும் ஏழெட்டு வந்து சேர்ந்து அவன் தலையைச் சுற்றிக் கத்தின. ஒன்று உச்சியில் நன்றாகவே ஒரு போடு போட்டது.

கூட்டுக்குள் கையை விட்டான். குச்சி, கம்பித் துண்டு, ஒரு கரண்டியின் காம்பு. பூட்டு ஒன்றுகூட இல்லை.

"நல்லையா! மரத்துல என்ன பண்றே?"

கீழே சிவகாமசுந்தரியின் குரல். சடசடவென்று இறங்கினான். கூரையில் ஒரு கால், மட்கார்டில் ஒரு கால், மூன்றாவதாகத் தரையென்று நினைத்து வைத்த கால் பலகைமேல் விழுந்தது. பலகை வழுக்கியது, டின் கவிழ்ந்தது.

கறுப்பெண்ணெய் சத்தமே போடாமல் பரவியது. சாக்கை நனைத்தது, மரத்தூளை மிதக்க விட்டது, மூன்று பக்கமும் வரப்பில் முட்டித் திரும்பியது. நாலாவது பக்கம் முட்ட ஒன்றும் இல்லை. காலையில் வெட்டிச் சமன் செய்த வழியில் நேராகக் கிணற்றைப் பார்த்து நடந்தது.

"ஐயோ, தண்ணி!" என்று நல்லையா அலறினான். ஓடிப்போய்க் கிணற்றுக்கு முன்னால் தொப்பென்று உட்கார்ந்து, இரண்டு காலையும் அகட்டி நீட்டி அணை போட்டான். சட்டையைக் கழற்றிப் பக்கத்தில் திணித்தான். உமர் கோணியைச் சுருட்டிக்கொண்டு வந்து மறுபக்கம் வைத்தான். எண்ணெய் நல்லையாவின் தொடைக்கு அடியில் புகுந்து வழி தேடியது. அவன் இரண்டு கையாலும் மண்ணை வாரி வாரிப் போட்டுக்கொண்டே, "வராதே, வராதே," என்று எண்ணெயிடம் கெஞ்சினான்.

அதற்குள் சிவகாமசுந்தரி அடுப்படிக்கு ஓடிவிட்டாள். விடியற்காலையிலிருந்து படையலுக்கு எரிந்த விறகடுப்பு, சாம்பல் மலையாகக் குவிந்திருந்தது. முறத்தில் அள்ளிக்கொண்டு வந்து கொட்டினாள். திரும்ப ஓடினாள், திரும்பக் கொட்டினாள். ஆறு முறம் கொட்டியபின் எண்ணெய் குழைந்து, களியாகி, நின்றது. கிணற்று மேடைக்கு ஒரு சாண் இருந்தது.

மூன்று பேரும் மூச்சு வாங்கினார்கள். நல்லையா இடுப்புக்குக் கீழே கறுப்பு, மேலே சாம்பல்.

"மரத்துல என்ன பண்ணினே?" என்று அவள் மறுபடி கேட்டாள்.

"கூட்டுல தேடினேன். பூட்டைக் காணோம். தேவதாஸ் தமிழ்ல சொன்னான், 'காக்கா எடுத்துப் போச்சு'ன்னு."

"ஆமா," என்றாள் அவள். "நான்தான் எடுத்தேன். கோழி வந்து அரிசின்னு கொத்தப் பார்த்துச்சு. துணியோட மூட்டை கட்டி அடுப்படி மேல்தட்டுல வெச்சேன். உன்கிட்ட சொல்லுன்னு அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்."

உமர் முதலில் விளங்காமல் பார்த்தான். விளங்கியதும் கைலியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். நல்லையாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருஷம் ஊரில் எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி ஒரு தடவை முழுசாகக் கூப்பிட்டிருந்தால், அந்தச் சொல் காதில் விழுந்ததும் இவள் முகம்தான் ஞாபகம் வந்திருக்கும். அவனுக்குத் தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

"காக், நீங்க அன்னைக்கே சொன்னீங்க. வண்டியை வெளியே எடுத்துட்டு நானும் கிளம்பிடறேன்," என்றான்.

அவள் உள்ளே போய் மூட்டையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்துவிட்டு, படையல் வேலையைப் பார்க்கப் போனாள். இருபத்து நாலும் இருந்தன.

நாலு மணிக்கு லாரி இருமாமல் கிளம்பி வெளியே போனது. நல்லையா எண்ணெய்க் களியையெல்லாம் சுரண்டித் தகர டின்னில் அள்ளினான். திருகு சாவிகளைத் துடைத்துப் பெட்டியில் போட்டான், மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்தான், வெள்ளைத் துணியை நாலாக மடித்தான். வீட்டில் பெண்டாட்டி பொன்னம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பெட்டியைப் பூட்டப் போகும்போது மண்வெட்டி ஒன்று அவன் காலடியில் வந்து விழுந்தது.

சிவகாமசுந்தரி குளித்து, புதுக் கெபாயாச் சட்டை போட்டுக்கொண்டு நின்றாள்.

"காலையில அந்த வரப்பை வெட்டினது யாரு?"

"நான்தான்."

"வெட்டச் சொன்னது?"

நல்லையா குனிந்துகொண்டான்.

"வாயில கொழுக்கட்டையா? வெட்டச் சொன்னது யாரு?"

"நீங்க."

"அப்ப எடு மண்வெட்டியை. திரும்பப் போடு. இன்னொரு சாண் உசத்தியே போடு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கிண்டல் செய்கிற முகம் இல்லை அது. "ஆளுங்க வர்ற நேரமாச்சே?"

"வரட்டும்."

"சரி, காக்கா," என்றான். முழுசாகச் சொன்னான். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புறங்கையால் துடைத்ததில் முகமெல்லாம் கரியாகியது.

வரப்பு பாதி எழும்பியபோது நாத்தனார் கோகிலா மங்குஸ்தீன் கூடையோடு வந்து இறங்கினாள். கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"இது என்ன கூத்து! நல்ல நாளும் அதுவுமா யாரைப் புதைக்கிறே?"

"நான் சொன்ன சொல்லை," என்றாள் சிவகாமசுந்தரி. "உள்ளே வா, இலை போடணும்."

நல்லையா மண்வெட்டியின் முதுகால் மேட்டை இன்னும் இரண்டு தட்டுத் தட்டினான்.